பெரியம்மா ஆற்றுக்கு வந்த வருடம்

தை மாதம் நான்காம் தேதி சாயங்காலம் சந்திரலேகாவின் வீட்டுச் சமையலறைக்குள் யாரும் சும்மா நுழைந்துவிட முடியாது. நுழைந்தால் கையில் ஒரு வேலை வந்து விழும்.

லேகா அப்படித்தான் மாட்டிக்கொண்டாள். தண்ணீர் குடிக்கப் போனவளிடம் பெரியம்மா ஒரு முறத்தைக் கொடுத்தார். அது நிறைய வறுத்த வேர்க்கடலை.

"தோலை ஊதிட்டுக் கொண்டா கண்ணு. நாளைக்குப் புளியோதரைக்குப் போடணும்."

மறுநாள் ஆற்றுத் திருவிழா. ஊருக்கெல்லாம் பொங்கல் முடிந்தாலும் கடலூர்ப் பிள்ளைகளுக்கு முடியாது. தை ஐந்தாம் நாள், சுற்று வட்டாரத்துச் சாமிகள் எல்லாம் அலங்காரம் செய்துகொண்டு, மேளதாளத்தோடு பெண்ணை ஆற்றுக்குக் குளிக்க வரும். சாமிகளைப் பார்க்க ஜனங்கள் வருவார்கள். ஜனங்களைப் பார்த்துக் கடைகள் வரும். ஆற்று மணல் முழுக்கப் பலூனும் ராட்டினமும் சுருளி அப்பளமுமாக இருக்கும்.

லேகாவுக்குப் பத்து வயது. அவள் வீடு கடலூர் பழைய வண்டிப்பாளையத்தில் இருந்தது. பெரியப்பா தேவநாதன் குடும்பம், அப்பா பாலகுமார் குடும்பம், சித்தப்பா வைத்திலிங்கம் குடும்பம் எல்லாம் ஒரே வீட்டில். மொத்தம் பன்னிரண்டு பேர். காலையில் குளியலறை வாசலில் வரிசை நிற்கும். செருப்பைத் தேடுவதற்கே கால் மணி நேரம் ஆகும்.

லேகா முறத்தோடு கூடத்துக்கு வந்தாள். பெரியப்பா போனில் சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தார். மறுநாளைக்கு வண்டி சொல்லிக்கொண்டிருந்தார். வண்டி என்றால் 'குட்டி யானை' என்று எல்லோரும் சொல்கிற சின்ன லோடு வண்டி. பின்னால் ஜமக்காளத்தை விரித்து மொத்தக் குடும்பமும் ஏறிக்கொள்ளும்.

"ஒம்போது மணிக்கு வந்துடு. பதினோரு பேரு. ஆமா, பதினொண்ணு" என்று சொல்லிவிட்டுப் பெரியப்பா போனை வைத்தார்.

"பெரியப்பா, நாம பன்னெண்டு பேரு" என்றாள் லேகா.

"பதினொண்ணும்மா. எண்ணித்தான் சொன்னேன்."

லேகா விரல் விட்டு எண்ணினாள். "பெரியம்மாவ விட்டுட்டீங்க."

"விடல. அவ வரமாட்டா. எப்பவும் வரமாட்டா. அவளுக்குக் கூட்டம்னா ஆவாது."

லேகா யோசித்தாள். பெரியப்பா சொன்னது உண்மைதான், அவர்கள் ஆற்றுக்குப் போகும்போது பெரியம்மா ஒருமுறைகூட வந்ததில்லை. வண்டி கிளம்பும்போது வாசலில் நின்று கையசைப்பார். சாயங்காலம் திரும்பி வரும்போது அதே வாசலில் நிற்பார். அது கதவு, ஜன்னல் போல எப்போதும் இருக்கிற விஷயம். அதனால் லேகா கவனித்ததே இல்லை.

ஆனால் கூட்டம் ஆகாதா? போன வாரம்தான் ரேஷன் கடையில் அத்தனை பெரிய வரிசையில் நின்று, முன்னால் புகுந்த ஓர் ஆளைப் பின்னால் அனுப்பிவிட்டுச் சர்க்கரை வாங்கி வந்தார் பெரியம்மா.

கடலைத் தோலை ஊதிக்கொண்டே லேகா அம்மாவிடம் போனாள். அம்மா தம்பிக்குத் தலை துவட்டிக்கொண்டிருந்தார்.

"அம்மா, பெரியம்மா ஏன் ஆத்துக்கு வரதில்ல?"

"அக்காவுக்கு முட்டி வலி. மணல்ல நடக்க முடியாது."

"இன்னிக்குக் காலையில வடகம் காய வெக்க நாலு தடவ மாடிக்குப் போனாங்களே!"

அம்மா துண்டை நிறுத்தினார். "ஆமால்ல?" என்றார். பிறகு, "யாரோ அப்படித்தான் சொன்னாங்க" என்றார்.

சித்தப்பா சிதம்பரத்தில் வேலை பார்த்தார். அப்போதுதான் பஸ்ஸிலிருந்து இறங்கி, முகம் கழுவிக்கொண்டிருந்தார். லேகா அவரையும் கேட்டாள்.

"அண்ணிக்கு வண்டியில வந்தா வாந்தி வரும்" என்றார் சித்தப்பா.

"சித்தப்பா! காட்டுமன்னார்கோயில் கல்யாணத்துக்குப் போனோமே, அப்ப வாந்தி எடுத்தது நீங்க. பெரியம்மாதான் உங்களுக்கு எலுமிச்சம்பழம் குடுத்தாங்க."

"அத ஏன் இப்பக் கத்திச் சொல்ற?" என்றார் சித்தப்பா, சுற்றிலும் பார்த்துக்கொண்டே.

லேகாவின் தம்பி தில்லைநாதன் ஈரத் தலையோடு பின்னாலேயே வந்திருந்தான். அவனுக்கு ஐந்து வயது. "பெரியம்மாவையே கேக்கலாம்ல?" என்றான்.

அது லேகாவுக்கு அதுவரை தோன்றவே இல்லை. இருவரும் சமையலறைக்குப் போனார்கள்.

பெரியம்மாவின் பெயர் ரத்தினம்மாள். அவர் புளியைக் கரைத்துக்கொண்டிருந்தார். லேகா கேட்டதும் சிரித்தார்.

"எல்லாரும் கெளம்பிட்டா வீட்ட யாரு பாத்துக்கறது? நம்ம வாசக் கதவப் பூட்ட முடியுமா?"

லேகா வாசல் பக்கம் எட்டிப் பார்த்தாள். வாசல் கதவுக்கு உள்பக்கம் பெரிய தாழ்ப்பாள் உண்டு. வெளியே பூட்டு தொங்கி அவள் பார்த்ததே இல்லை. பன்னிரண்டு பேர் இருக்கிற வீட்டில் எப்போதும் யாராவது இருப்பார்கள். பூட்ட வேண்டிய தேவையே வந்ததில்லை.

"எனக்குக் கல்யாணமாயி மொதப் பொங்கல். ஆத்துக்குப் போறதுக்கு முந்தின நாளு பூட்டு மாட்டுற வெளிக்கொண்டி ஒடஞ்சிபோச்சி. 'இந்த வருஷம் நீ இரும்மா, அடுத்த வருஷத்துக்குள்ள சரி பண்ணிடலாம்'னாங்க. இருந்தேன்."

"அப்புறம்?"

"அடுத்த வருஷம் உங்க பெரியண்ணன் கைப்புள்ள. அதுக்கப்புறம் யாரும் கேக்கல. நானும் சொல்லல."

"எத்தன வருஷம் ஆச்சு பெரியம்மா?"

பெரியம்மா புளித் தண்ணீர் சொட்டும் விரல்களை மடக்கி எண்ணினார். "இருவத்திரண்டு."

"அப்ப நீங்க ஆத்துத் திருவிழாவப் பாத்ததே இல்லியா?"

"எங்க ஊருல வீராணம் ஏரி இருக்குது. இந்தத் திருவிழா கெடையாது. நீங்க வந்து சொல்றதத்தான் கேட்டிருக்கேன்." பெரியம்மா மறுபடி புளியில் கை வைத்தார். "ஒருத்தரு தண்ணி முட்டி வரைக்கும்பீங்க. ஒருத்தரு இடுப்பு வரைக்கும்பீங்க."

லேகா முறத்தைக் கீழே வைத்தாள். அடுத்த நிமிடம் தெருவில் ஓடிக்கொண்டிருந்தாள்.

மூன்று வீடு தள்ளி அந்தோணிசாமி மாமாவின் தச்சுப் பட்டறை. அவர் இழைப்புளியை எடுத்து வைத்துவிட்டுக் கிளம்பத் தயாராக இருந்தார்.

"மாமா, எங்க வீட்டுக் கதவுக்குக் கொண்டி போடணும். இப்பவே!"

"இத்தினி வருஷமா இல்லாம இப்ப என்ன அவசரம்? தங்கம் கிங்கம் வாங்கிட்டீங்களா?"

ஆனாலும் அவர் வந்தார். காதில் செருகிய பென்சிலை எடுத்துக் கதவு நிலையைத் தட்டினார். பொலபொலவென்று மரத்தூள் கொட்டியது. சத்தம் கேட்டு வீட்டில் இருந்த எல்லோரும் வாசலுக்கு வந்துவிட்டார்கள்.

"கரையான் தின்னுட்டுது" என்றார் அந்தோணிசாமி மாமா. "இதுல கொண்டி அடிச்சா கையோட வந்துடும். இந்தப் பக்கத்த அறுத்து எடுத்துட்டு வேற கட்ட வெக்கணும். நாளைக்கு ஞாயித்துக்கெழம, நாங்க கோயிலுக்குப் போவோம். திங்கக்கெழம வரேன்."

"நாளைக்குக் காலையில வேணும் மாமா" என்றாள் லேகா.

"எதுக்கும்மா?" என்றார் பெரியப்பா.

லேகா சொன்னாள். இருபத்திரண்டு வருடக் கதையையும் சொன்னாள். சித்தப்பா எலுமிச்சம்பழத்தை நினைத்துக்கொண்டாரோ என்னவோ, தலையைச் சொறிந்தார்.

"அவளுக்குக் கூட்டம் ஆவாதுன்னுதான நான்..." என்று பெரியப்பா இழுத்தார்.

"அப்படின்னு யாரு சொன்னது?" என்று உள்ளேயிருந்து பெரியம்மாவின் குரல் வந்தது.

பெரியப்பா கீழே கொட்டிக் கிடந்த மரத்தூளைக் காலால் ஒதுக்கினார். பிறகு, "ரத்தினம், நாளைக்கு நீ போ. நான் வீட்டுல இருக்கேன்" என்றார்.

"நீங்க வேணாண்ணே, நான் இருக்கேன்" என்றார் அப்பா.

"நான்தான் எல்லா வருஷமும் போறேனே" என்றார் சித்தப்பா.

பெரியம்மா கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார். "ஒருத்தர இங்க உக்கார வெச்சிட்டு அங்க போனா எனக்குச் சோறு எறங்குமா? யாரையும் விட்டுட்டு நான் போகமாட்டேன். கொண்டி போட்டப்புறம் அடுத்த வருஷம் பாத்துக்கலாம். போயி வேலையப் பாருங்க."

அந்தோணிசாமி மாமா லேகாவின் தலையைத் தட்டிக் கொடுத்துவிட்டுப் போனார். அடுத்த வருஷம் என்ற சொல் லேகாவுக்குப் பிடிக்கவே இல்லை. அதைச் சொல்லித்தான் இருபத்திரண்டு வருடம் ஓடியிருந்தது.

விடிந்ததும் அம்மா அவளைப் பூ வாங்க அனுப்பினார். லேகா சைக்கிளில் போனாள். திருவிழா நாள் என்பதால் பூக்கடையில் கூட்டம். சைக்கிளைக் கடைக்குப் பக்கத்துக் கம்பத்தில் சாய்த்து, சங்கிலிப் பூட்டைச் சக்கரத்துக்குள் விட்டு, கம்பத்தைச் சுற்றிப் பூட்டினாள். பத்து முழம் கதம்பம் வாங்கினாள். திரும்பி வந்து சாவியைப் போட்டுத் திருகினாள். சங்கிலி கையோடு வந்தது.

லேகா கையில் தொங்கிய சங்கிலியைப் பார்த்தாள்.

கம்பத்துக்குக் கொண்டி இல்லை. கம்பத்தில் யாரும் ஆணி அடிக்கவில்லை. ஆனாலும் சைக்கிள் பூட்டித்தானே இருந்தது?

"தே பொண்ணு, பூவ விட்டுட்டுப் போறியே!" என்று பூக்கார அம்மா கூப்பிட்ட பிறகுதான் பொட்டலம் ஞாபகம் வந்தது.

வீட்டு வாசலில் சைக்கிளைப் போட்டுவிட்டுக் கதவைச் சாத்தினாள். பழைய காலத்து இரட்டைக் கதவு. ஒவ்வொரு கதவிலும் இழுத்து மூடுவதற்கு ஓர் இரும்பு வளையம். கரையானால் இரும்பைத் தின்ன முடியாது. லேகா இரண்டு வளையங்களுக்குள்ளும் சங்கிலியை விட்டுப் பூட்டினாள்.

உள்ளே இருந்து தடதடவென்று தட்டும் சத்தம் கேட்டது.

"யாருடா கதவப் பூட்டுனது?" என்று பெரியப்பா கத்தினார்.

"பூட்டியிருக்குதா பெரியப்பா? நல்லாப் பூட்டியிருக்குதா? இழுத்துப் பாருங்க!" என்று லேகா வெளியே குதித்தாள்.

பின்கட்டு வழியாகச் சுற்றிக்கொண்டு எல்லோரும் வாசலுக்கு ஓடி வந்தார்கள். அப்பா இழுத்துப் பார்த்தார். கதவு ஒரு கை அகலம் திறந்து நின்றது.

"கை நொழையுதே" என்றார் பெரியப்பா.

"என் தல நொழையுதா பாக்கறேன்" என்று தில்லை தலையைக் கொண்டுபோனான். அம்மா அவன் காதைப் பிடித்துப் பின்னால் இழுத்தார்.

சித்தப்பா சங்கிலியைக் கழற்றி, வளையங்களுக்குள் இரண்டு சுற்றாக விட்டு இறுக்கிப் பூட்டினார். இப்போது இழுத்தால் ஒரு விரல்கூட நுழையவில்லை.

"பின்கதவ உள்ள தாப்பாப் போட்டுட்டு எல்லாரும் வாச வழியா வந்துடலாம்" என்றாள் லேகா. "அவ்ளோதான்!"

பெரியவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்பாவுக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு எல்லோருக்கும் வந்தது.

சிரிக்காமல் இருந்தவர் பெரியம்மா ஒருவர்தான். அவர் சத்தமில்லாமல் சமையலறைக்குப் போய்விட்டார்.

ஒன்பது மணிக்குக் குட்டி யானை வந்து நின்றது. சாப்பாட்டுத் தூக்குகள் ஏறின. தண்ணீர்க் குடம் ஏறியது. சித்தியும் கைக்குழந்தையும் ஏறினார்கள். பெரியம்மாவைக் காணோம்.

லேகா உள்ளே போய்ப் பார்த்தாள். பெரியம்மா அடுப்பு மேடையைத் துடைத்துக்கொண்டிருந்தார். அது ஏற்கெனவே பளபளவென்று இருந்தது.

"நீங்க போயிட்டு வாங்க கண்ணு. நான் இருக்கேன்."

"அதான் பூட்டு இருக்குதே பெரியம்மா."

"இருக்குது."

"முட்டி வலிக்குதா?"

"இல்ல."

"பின்ன?"

பெரியம்மா துணியை மடித்தார். பிரித்தார். மறுபடி மடித்தார். "நீங்க எல்லாரும் சொல்லிச் சொல்லி எனக்குள்ள ஒரு ஆறு இருக்குது. பெரிய ஆறு. போயிப் பாத்து, ச்சே இவ்ளோதானான்னு ஆயிட்டா?"

பெரியவர்களுக்கு இப்படியெல்லாம் பயம் வரும் என்று அவள் நினைத்ததில்லை.

பிறகு சங்கிலிப் பூட்டின் சாவியை எடுத்துப் பெரியம்மாவின் உள்ளங்கையில் வைத்தாள்.

"பிடிக்கலன்னா சொல்லுங்க பெரியம்மா. உடனே ஆட்டோ புடிச்சித் திரும்பி வந்துடலாம். நானும் வரேன். சாவி உங்ககிட்டதான இருக்குது."

"நீ ராட்டினம் சுத்த வேணாமா?"

"அது அடுத்த வருஷமும் வரும்."

பெரியம்மா அவள் கன்னத்தைக் கிள்ளினார். சாவியை உள்ளங்கைக்குள் பொத்திக்கொண்டார். "இரு, நல்ல பொடவையா ஒண்ணு கட்டிக்கிட்டு வரேன்" என்று சொல்லிவிட்டு வேகமாக அறைக்குள் போனார்.

வழக்கமாகப் பெரியப்பா டிரைவர் பக்கத்துச் சீட்டில்தான் உட்காருவார். வேறு யாரையும் அதில் உட்கார விட்டதில்லை. பெரியம்மா மாம்பழ நிறப் புடவையில் வெளியே வந்து, கதவைச் சங்கிலியால் பூட்டி, சாவியை முந்தானையில் முடிந்து இடுப்பில் செருகியதும் அவர் எழுந்து பின்னால் போய் ஜமக்காளத்தில் உட்கார்ந்துகொண்டார்.

"அங்க என்ன பண்றீங்க?" என்றார் பெரியம்மா.

"காத்து வருது இங்க" என்றார் பெரியப்பா.

வண்டி மஞ்சக்குப்பத்தைத் தாண்டியதுமே மேளச் சத்தம் கேட்க ஆரம்பித்தது. ஆல்பேட்டையில் இறங்கியபோது ஆறு முழுக்க மனிதத் தலைகள். ஒரு டிராக்டரில் அம்மன் வந்துகொண்டிருந்தது. பல்லக்கில் ஒரு முருகன் வந்தார். கரை ஓரம் சிறுவள்ளிக்கிழங்கு மலை மலையாகக் குவிந்து கிடந்தது.

பெரியம்மா செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு மணலில் நடந்தார். இரண்டு அடிக்கு ஒருமுறை இடுப்பைத் தொட்டுச் சாவி இருக்கிறதா என்று பார்த்தார். தில்லை ராட்டினத்தைக் காட்டினான். சித்தப்பா ஒவ்வொரு சாமிக்கும் ஊர் பெயர் சொன்னார். பெரியம்மா எதுவும் பேசவில்லை. லேகாவுக்கு உள்ளுக்குள் பயமாக இருந்தது. பிடிக்கவில்லையோ?

எல்லோரும் மணலில் வட்டமாக உட்கார்ந்து புளியோதரை சாப்பிட்டார்கள். பெரியம்மா பரிமாற எழுந்தார். அம்மா அவர் கையிலிருந்து கரண்டியை வாங்கிக்கொண்டு, "உக்காருங்கக்கா" என்றார். பெரியம்மா எல்லோரோடும் உட்கார்ந்து சாப்பிட்டார்.

சாப்பிட்டு முடித்ததும் லேகா அவர் கையைப் பிடித்துத் தண்ணீருக்கு அழைத்துப் போனாள். அந்த வருடம் நல்ல மழை. ஆற்றில் தெளிவான தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. பெரியம்மா புடவையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு இறங்கினார். கணுக்கால். அப்புறம் முழங்காலுக்குச் சற்றுக் கீழே.

அங்கேயே நின்றார். திடீரென்று லேகாவின் தோளை அழுத்திப் பிடித்தார்.

"லேகா! காலுக்குக் கீழ மண்ணு ஓடுது!"

"ஆமா பெரியம்மா. தண்ணி இழுத்துக்கிட்டுப் போவும். கூசும்."

"இத யாருமே சொல்லலியே!" என்றார் பெரியம்மா. "இருவத்திரண்டு வருஷமா வந்து வந்து சாமியச் சொன்னீங்க, கடையச் சொன்னீங்க. காலுக்குக் கீழ மண்ணு ஓடும்னு ஒருத்தர்கூடச் சொல்லலியே!"

சின்னப் பெண் போலச் சிரித்தார். காலை எடுத்து வேறு இடத்தில் வைத்தார். அங்கேயும் மண் நழுவியது. மறுபடி சிரித்தார். அவர் புடவைக் கரை நனைந்துவிட்டது. அதை அவர் கவனிக்கவே இல்லை.

வெயில் சாய்ந்தது. சாமிகள் ஒவ்வொன்றாகத் திரும்பத் தொடங்கின. கரையில் ஜமக்காளத்தை மடித்துவிட்டார்கள். தூக்குகளை எடுத்துக்கொண்டார்கள். தூரத்தில் வண்டிக்காரர் இரண்டு முறை ஹாரன் அடித்தார்.

பெரியப்பா தண்ணீர் ஓரம் வரை வந்தார். "ரத்தினம், நேரமாச்சி. கெளம்பலாமா?"

பெரியம்மா திரும்பிப் பார்க்கவில்லை. லேகாவின் கையை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"நானும் எம்பொண்ணும் இன்னும் கொஞ்ச நேரம் நிக்கிறோம். நீங்க இருங்க."

பெரியப்பா கரைக்குப் போய் வண்டிக்காரரைப் பார்த்துக் கையைக் காட்டினார். அப்பா ஜமக்காளத்தை மறுபடியும் விரித்தார். மொத்தக் குடும்பமும் மணலில் உட்கார்ந்து, அவர்கள் இருவரும் ஆசை தீர நின்று வரட்டும் என்று காத்திருந்தது.